மருத்துவச் சான்றிதழில் ஓய்வுக்கும் முழு வேலைக்கும் நடுவில் ஒரு வரி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2021 மே மாதத்தில் உங்கள் நாளிதழில் தினமும் ஒரு பெட்டிச் செய்தி வரும். புதுச்சேரியில் நேற்று எத்தனை பேருக்குக் கொரோனா தொற்று, எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் குணமடைந்து வீடு திரும்பினார்கள் என்று. மே 25-ஆம் தேதி வீடு திரும்பியவர்களில் நானும் ஒருத்தி. மறுநாள் என் மகன் பேப்பரை மடித்து என் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்தான். "இதுல நீயும் இருக்கம்மா" என்றான். ஒன்பது நாள் அரசு மருத்துவமனை வார்டில், அதில் ஐந்து நாள் ஆக்சிஜனோடு கிடந்துவிட்டு வந்தவளுக்கு அந்த வரியைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

"குணமடைந்து வீடு திரும்பினர்" என்ற அந்த வரியைப் பற்றித்தான் எழுத வந்தேன். மழைக்காலம் வந்தால் டெங்கு, சிக்குன்குனியா செய்திகளிலும் இதே வரி வருகிறது. வீடு திரும்பியவர் எப்போது வேலைக்குத் திரும்பினார், திரும்பினாரா என்று எந்தச் செய்தியிலும், எந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் நான் பார்த்ததில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு 45 வயது. பிறந்தது கடலூர் தேவனாம்பட்டினம், வாழ்க்கைப்பட்டது வீராம்பட்டினம். கணவர் படகில் மீன்பிடி தொழிலுக்குப் போகிறவர். நான் பிளஸ் டூ வரை படித்தேன். 2012 முதல் புதுச்சேரியில் ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தேன். காலை 6 மணி ஷிப்ட் என்றால் 5 மணிக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். தலைக்கு வலை, கைக்கு உறை, வாய்க்கு மாஸ்க் போட்டுக்கொண்டு மதியம் 2 மணி வரை லைனில் நிற்க வேண்டும். மாத்திரை அட்டைகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றிலும் பேட்ச் நம்பர், காலாவதித் தேதி சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து, விவரத்தாளை மடித்துச் சேர்த்துப் பெட்டியில் போட வேண்டும். ஒன்பது வருஷத்தில் என் மேஜையிலிருந்து ஒரு தவறான அட்டை போனதில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். மருந்து சாப்பிடுகிறவர் என் கண்ணை நம்பித்தான் சாப்பிடுகிறார்.

ஊரடங்கிலும் மருந்து கம்பெனி ஓடியது. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசி என்று அந்த மே 1-ஆம் தேதிதான் ஆரம்பித்தார்கள். எனக்கு அப்போது 41. முறை வருவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் வேறு. கணவர் படகு கரையில் கிடந்தது. இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடித்தம் இருந்ததால் எனக்கு விடுப்புப் பணம் கிடைத்தது. மாதம் 11,000-க்குக் கொஞ்சம் மேல் வாங்கிய சம்பளத்தில் 70 சதவீதம். வருஷத்துக்கு 91 நாள்தான் அது தருவார்கள். அந்த 91 நாளில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தப் பணத்தால்தான். அதற்கு நான் நன்றி மறக்கவில்லை.

92-ஆவது நாள் வேலைக்குப் போனேன். முதல் நாள் நன்றாகவே இருந்தது. எல்லோரும் கட்டிப்பிடிக்காத குறையாக வரவேற்றார்கள். இரண்டாம் நாளும் சரி. மூன்றாம் நாள் காலை எழுந்திருக்க முடியவில்லை. உடம்பெல்லாம் அடித்துப் போட்டது மாதிரி வலி, தொண்டை கரகரப்பு, காய்ச்சல் இல்லாத காய்ச்சல். பல் துலக்கக் கையைத் தூக்கினால் தோள் நடுங்கியது. நான்கு நாள் படுத்தேன். மறுபடி போனேன். மறுபடி இரண்டு நாள் வேலை, நான்கு நாள் படுக்கை.

இதை எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொல்ல எனக்கு ரொம்ப நாள் ஆனது. நாம் அறிந்த களைப்பு வேலை செய்கிறபோதே வரும், தூங்கி எழுந்தால் போய்விடும். இது அப்படி இல்லை. வேலை செய்கிறபோது ஒன்றும் தெரியாது. ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் கழித்துத்தான் வந்து சாய்க்கும். தூங்கினாலும் போகாது. 2022-இல் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் ஊர் செங்கழுநீரம்மன் தேர். தேர் நிலையை விட்டுக் கிளம்பி வருகிற வரைக்கும் தெருவில் நின்று கும்பிட்டேன், அவ்வளவுதான். சனிக்கிழமை எழுந்து நடமாடினேன். ஞாயிறு முதல் வியாழன் வரை என்னைக் கைத்தாங்கலாகத்தான் பின்கட்டுக்குக் கூட்டிப் போனார்கள். உழைப்புக்குப் பின் நோய் கூடுவது என்று மருத்துவர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கொரோனாவுக்கு முன்பே வேறு வைரஸ் காய்ச்சல்களுக்குப் பிறகும் சிலருக்கு இப்படி ஆனது மருத்துவத்தில் பதிவாகி இருக்கிறதாம்.

சூப்பர்வைசர் என்னைவிட வயதில் சின்னப் பையன். நல்ல பிள்ளை. ஆனால் அவன் பார்ப்பது என்ன? திங்கட்கிழமை நான் சிரித்துப் பேசிக்கொண்டு வேலை செய்கிறேன். புதன்கிழமை போன் செய்து வர முடியாது என்கிறேன். "அக்கா, முந்தாநேத்து நல்லாத்தான இருந்தீங்க?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பக்கத்து மேஜைக்காரப் பெண்கள் என் வேலையையும் சேர்த்துச் செய்தார்கள். ஒரு மாதம் முகம் சுளிக்காமல் செய்தார்கள். அப்புறம் பேச்சு குறைந்தது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

2021 நவம்பரில், ஒன்பது வருஷத்தில் நடக்காதது நடந்தது. அட்டையில் இருந்த பேட்ச் நம்பரும் பெட்டியில் இருந்த நம்பரும் வேறு. நான் இரண்டையும் பார்த்தேன். கண் படித்தது, மனசில் நிற்கவில்லை. ஒரு எண்ணைப் படித்துவிட்டு அடுத்ததைப் படிப்பதற்குள் முதல் எண் போய்விடுகிறது. அடுத்த மேஜையில் இருந்தவள் பிடித்துவிட்டாள், வெளியே போகவில்லை. என்னைச் செக்கிங்கிலிருந்து எடுத்தார்கள். எடுத்தது சரி. நானே கேட்டிருப்பேன்.

அதே சமயத்தில்தான் ஒரு மருத்துவரிடம் போனேன். அதுவரை எக்ஸ்ரே, ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எதை எடுத்தாலும் "எல்லாம் நார்மல்" என்றுதான் பதில். "மனசைத் தைரியமா வச்சுக்கோங்கம்மா", "தினமும் ஒரு மணி நேரம் வேகமா நடங்க" என்றெல்லாம் சொல்லி அனுப்பினார்கள். நடந்தேன், படுத்தேன். இந்த அம்மா வேறு மாதிரி. என்னைப் பத்து நிமிஷம் கட்டிலில் படுக்க வைத்து நாடித் துடிப்பை எண்ணினார். 78. பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, அசையாமல் நிற்க வைத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எண்ணினார். எட்டாவது நிமிஷம் 120-ஐத் தாண்டியது. எனக்குக் கண் இருட்டியது. "உங்களுக்கு நிக்கிறதுதான் பிரச்சினை" என்றார். எழுந்து நின்ற பத்து நிமிஷத்துக்குள் துடிப்பு 30-க்கு மேல் கூடி, குறையாமல் அப்படியே இருந்தால் அது ஒரு கோளாறாம். சுருக்கமாகப் பாட்ஸ் என்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு பலருக்கு வருகிறதாம். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார், எனக்கு ரத்த அழுத்தம் குறைவு என்பதால் உப்பைக் கூட்டச் சொன்னார், காலுக்கு இறுக்கமான உறை எழுதிக் கொடுத்தார். அளவோடு வேலை, நடுநடுவில் ஓய்வு, களைப்பு வருவதற்கு முன்பே நிறுத்த வேண்டும் என்றார். நடந்து நடந்து உடம்பைத் தேற்று என்று ஒருவர்கூட இனி சொல்ல வேண்டாம் என்று அன்றைக்கு இருந்தது எனக்கு.

கொரோனா போன பிறகும் விடாமல் நீடிக்கிற இப்படி ஒரு வியாதி உண்டு, லாங் கோவிட் என்கிறார்கள், என்று உலக சுகாதார நிறுவனமே 2021 அக்டோபரில் வரையறை செய்து வெளியிட்டிருந்தது. தொற்று வந்து மூன்று மாதம் ஆன பிறகும் இருக்கிற தொந்தரவு, குறைந்தது இரண்டு மாதம் நீடிப்பது, வேறு காரணம் சொல்ல முடியாதது. மூச்சுத் திணறல், அசதி, ஞாபகத் தடுமாற்றம் என்று நான் பட்ட எல்லாமே அதில் இருக்கிறது. நம் மத்திய சுகாதார அமைச்சகமும் அதே வருஷத்தில் மருத்துவர்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. தொற்று வந்த 100 பேரில் சுமார் 6 பேருக்கு இது வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெண்களுக்கு அதிகமாம். டெல்லியிலும் ஜெனீவாவிலும் இதை எழுதிக்கொண்டிருந்த அதே வாரங்களில்தான், "முந்தாநேத்து நல்லாத்தான இருந்தீங்க" என்ற கேள்விக்கு நான் பதில் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

ஆசிரியர் அவர்களே, நான் சொல்ல வந்த விஷயம் இனிமேல்தான். அந்த மருத்துவ அம்மாவிடம், "உட்கார்ந்து நாலு மணி நேரம் வேலை பார்க்க முடியும்னு எழுதிக் கொடுங்க மேடம், கம்பெனியில கேட்டுப் பார்க்கிறேன்" என்றேன். அவர் பேனாவை எடுத்தார், படிவத்தைப் பார்த்தார், திரும்பவும் வைத்துவிட்டார். நம் ஊர் மருத்துவச் சான்றிதழில் இரண்டே வகைதான். ஒன்று, இத்தனை நாள் ஓய்வு தேவை. இன்னொன்று, இன்ன தேதி முதல் பணியில் சேரத் தகுதியானவர். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கடைசியாகக் கொடுப்பதும் அப்படித்தான். நடுவில் ஒரு வரி கிடையாது. கடைசியில் அவர் ஒரு வெள்ளைத் தாளில் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தார்: ஆறு மாதத்துக்கு உட்கார்ந்து செய்யும் வேலை, நாளைக்கு நான்கு மணி நேரம்.

கம்பெனியில் அந்தத் தாளை வாங்கவே இல்லை. "இப்படி ஒரு சர்டிபிகேட்டே கிடையாதும்மா. ஃபிட்னா ஃபுல் டூட்டி. இல்லைன்னா லீவு போடுங்க." லீவு எங்கே இருக்கிறது? 91 நாளும் தீர்ந்தாகிவிட்டது. அந்தப் பணம் வாங்குகிற நாட்களில் ஒரு தொழிலாளியை வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்று இ.எஸ்.ஐ. சட்டத்தில் இருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தும் பயனில்லை, அந்த நாட்கள் முடிந்துவிட்டன. நீண்ட நாள் நோய்க்காரர்களுக்கு 80 சதவீதச் சம்பளத்தோடு இரண்டு வருஷம் வரை நீட்டிக்கிற ஏற்பாடும் இ.எஸ்.ஐ.யில் உண்டு. காசநோய், தொழுநோய், புற்றுநோய், பக்கவாதம் என்று 34 நோய்கள் அந்தப் பட்டியலில். என் நோய்க்கு அதில் பெயர் இல்லை என்றார்கள். சரி, மாற்றுத்திறனாளி என்று கேட்கலாமா என்றால், 2016 சட்டத்தில் 21 வகை குறைபாடுகள், அதில் 40 சதவீதம் இருந்தால்தான் சலுகை. இரண்டு நாள் நடந்து நான்கு நாள் படுக்கிறவளை எந்த நாளில் அளப்பார்கள்? பணியில் இருக்கும்போது ஊனமானவரை நீக்கக் கூடாது, வேறு வேலை கொடுக்க வேண்டும் என்ற பாதுகாப்பு அந்தச் சட்டத்தில் இருப்பதும் அரசு ஊழியர்களுக்குத்தான்.

2022 ஜனவரியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஸ்டோரில் உட்கார்ந்து விவரத்தாள்களை மடித்து நூறு நூறாகக் கட்டுகிற வேலை இருந்தது. அதை நான் இன்றைக்கும் செய்வேன்.

என் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. 2004 சுனாமியில் தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீடு போனது. அம்மா மறுபடி தலையெடுத்தது மீன் விற்றுத்தான். விடியற்காலையில் முதுநகர் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையைத் தலையில் வைத்து மஞ்சக்குப்பம் தெருக்களில் கூவி விற்பார். 2006-இல் சிக்குன்குனியா வந்தது. அந்த ஒரே வருஷத்தில் நாடு முழுக்கச் சுமார் 14 லட்சம் பேருக்கு வந்திருக்கும் என்று கணக்கு. பெயரைக் கேட்டுக் கோழியால் வருகிறது என்று பயந்து எங்கள் தெருவில் சிலர் கறி எடுப்பதையே நிறுத்தினார்கள். அது ஆப்பிரிக்காவில் மகொண்டே என்ற மொழிச் சொல்லாம். உடம்பு வளைந்து போவது என்று பொருள். அம்மாவைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பொருளை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

காய்ச்சல் ஐந்து நாள்தான். கணுக்காலும் விரல் மூட்டுகளும் விட்ட பாடில்லை. குந்தினால் எழ முடியாது, எழுந்தால் குந்த முடியாது. அரிவாள்மனையில் சுறாவை வைத்து அழுத்தக் கையில் பிடி இல்லை. 20 கிலோ கூடையைத் தலையில் ஏற்ற ஆள் கூப்பிட வேண்டும், இறக்க ஆள் கூப்பிட வேண்டும். ஒன்றரை வருஷம் தண்டலுக்கு வாங்கிச் சாப்பிட்டார்கள். வாடிக்கை வீடுகளை எல்லாம் வேறு ஆட்கள் பிடித்துவிட்டார்கள். அம்மாவுக்கு அப்போது 47 வயது. அதன் பிறகு அவர் கூடை தூக்கவே இல்லை. அவர் பெயரும் எங்கேயாவது "குணமடைந்தோர்" கணக்கில்தான் இருக்கும்.

எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களுக்கு, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரியூனியன் தீவில் சொந்தக்காரர்கள் உண்டு. 2005, 2006-இல் அந்தத் தீவில் மூன்றில் ஒருவருக்கு சிக்குன்குனியா வந்தது. வருஷக்கணக்காக மூட்டு வலி போகாமல் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அங்கே தேடிப் போய் ஆராய்ச்சி செய்தார்கள். உலகத்துக்கு அந்த வியாதியின் நீண்ட கால வலியைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி அப்படித் தெரிந்ததுதான். புதுச்சேரிக்கு அது 1964-இலேயே வந்து போன நோய். கொசுவை ஆராய்கிற மத்திய அரசு நிறுவனமே இங்கே இந்திரா நகரில் 1975 முதல் இருக்கிறது. கொசுவைப் பற்றி நமக்குத் தெரிந்த அளவுக்குக் கொசு கடித்தவரின் கூலி என்ன ஆனது என்று நமக்குத் தெரியுமா?

நான் கேட்பது பெரிய செலவுக் காரியம் இல்லை. சான்றிதழ்ப் படிவத்தில் ஒரு வரி. "இன்ன மாற்றங்கள் செய்தால் வேலை செய்யலாம்" என்று மருத்துவர் எழுத ஓர் இடம், அதைக் கம்பெனி வாங்கிப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரு விதி. பிரிட்டனில் 2010 முதலே அப்படி ஒரு படிவம் இருக்கிறது என்று என் மகன் போனில் எடுத்துக் காட்டினான். கொஞ்சம் கொஞ்சமாக வேலைக்குத் திரும்புவது, நேரத்தை மாற்றுவது, வேலையை மாற்றுவது, வேலை செய்கிற இடத்தில் வசதி செய்வது என்று நான்கு கட்டங்கள். மருத்துவர் டிக் போட்டுக் கொடுக்கிறார். ஜெர்மனியில் ஒருவர் நாளைக்கு இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போய் முழு வேலைக்கு வருகிற வரைக்கும் காப்பீடு நோய்க்காலப் பணத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறதாம். நம் இ.எஸ்.ஐ.யில் அரைநாள் வேலைக்கு அரைநாள் பணம் என்று வைத்திருந்தால், 91 நாளை நான் 182 நாளாக நீட்டி, மெதுவாகத் தேறி, இன்றைக்கும் அந்த லைனில் எங்கேயாவது உட்கார்ந்திருப்பேன். கம்பெனிக்கும் ஒன்பது வருஷம் பழகிய கை போயிருக்காது.

இ.எஸ்.ஐ. இல்லாத என் அம்மா மாதிரி ஆட்களுக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். நேரடியாக ஒன்றும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடலூரில் அம்மாவுக்கு இப்போது பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில். கொண்டுவருகிற அந்தப் பெண், பிரஷரைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு போகிறாள். அதே நோட்டில், "காய்ச்சலுக்கு முன்னால் செய்த வேலையை இப்போது செய்ய முடிகிறதா?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும். இரண்டு வருஷத்தில் கடலூர் மாவட்டத்துக்கு ஒரு கணக்கு கிடைத்துவிடும். அது கையில் இருந்தால்தான் நிவாரணமோ மாற்றுத் தொழிலோ கேட்க முடியும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை "வீடு திரும்பினர்" என்று போட்டால், மூன்று மாதம் கழித்து அவர்களில் பத்துப் பேர் வீட்டுக்கு ஒரு நிருபரை அனுப்புங்கள். கட்டிட வேலைக்காரர், தையல்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர், பஸ் கண்டக்டர் என்று யாராக இருந்தாலும் சரி. எத்தனை பேர் பழைய வேலையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் இரண்டு நாள் போய் நான்கு நாள் படுக்கிறார்கள் என்று எழுதுங்கள். இப்படிப் படுக்கிறவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். சோம்பேறி என்ற பேச்சுக்குப் பயந்து சும்மா இருப்பார்கள். நானும் நான்கு வருஷம் சும்மாதான் இருந்தேன்.

இந்தக் கடிதத்தை மூன்று நாளில், காலை வேளைகளில் மட்டும் உட்கார்ந்து எழுதினேன். காலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை எனக்கு மூளை தெளிவாக இருக்கிறது, உட்கார்ந்தபடி கை ஓடுகிறது. இன்னும் வேலை தேடிக்கொண்டிருப்பதால் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
வீராம்பட்டினம், புதுச்சேரி.